சிலை எப்போது கடவுளாகிறது

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசின் தலைநகராக இருந்த நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகள் சிலவற்றில் ஒரு சடங்கு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. புதிதாகச் செய்து முடித்த கடவுள் சிலையை ஆற்றங்கரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், நாணலால் போட்ட குடிலில் இரவு முழுவதும் வைத்திருந்து, அதன் வாயைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். பிறகு அந்தச் சிலையைச் செய்த தச்சர், பொற்கொல்லர் முதலானவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வருவார்கள். பூசாரி அவர்களுடைய கைகளைத் துணியால் கட்டி, மரக்கத்தி ஒன்றால் அந்தக் கைகளை வெட்டுவதுபோலப் பாவனை செய்வார். "இதை நான் செய்யவில்லை, என் தொழிலுக்குரிய தெய்வமே செய்தது" என்று ஒவ்வொருவரும் ஆணையிட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் பயன்படுத்திய கருவிகளை ஓர் ஆட்டுக்கடாவின் தொடைக்குள் வைத்து ஆற்றில் எறிந்துவிடுவார்கள்.

சிலையை மனிதர்தான் செய்தார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் மறைக்கவில்லை. தெரிந்திருந்ததால்தான் அந்தக் கைகளை வெட்டிக் காட்ட வேண்டியிருந்தது. கடவுள் உருவங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றைக் கலை வரலாறாகவே சொல்கிறார்கள்: எந்த நூற்றாண்டு, எந்தக் கல், எந்த அரசர், எந்தப் பாணி. இவை தேவையான செய்திகள்தான். ஆனால் அந்த உருவங்களோடு வாழ்ந்தவர்களுக்கு, செதுக்கி முடிப்பது வேலையின் பாதிதான். ஒரு கடவுள் உருவம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அதற்கு என்னென்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் அது விளங்கும் என்பது என் எண்ணம். அதை எழுப்பினார்கள், உண்ண வைத்தார்கள், உடுத்தினார்கள், மறைத்தார்கள், ஊர்வலம் கொண்டுபோனார்கள், கரைத்தார்கள், புதைத்தார்கள். பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபாடு அதிகம் தெரிவது இந்தச் செயல்களில்தான்.

அசீரியாவும் பாபிலோனும் அடங்கிய மெசபடோமியாவில் சிலை உயிர்பெறும் இடம் வாய். வாய் திறக்கப்படாத சிலை நறுமணப் புகையை முகராது, உணவை உண்ணாது, நீரைப் பருகாது என்று அந்தச் சடங்கின் மந்திரம் வெளிப்படையாகவே சொல்கிறது. எகிப்திலும் அப்படித்தான். தச்சர்கள் மரம் செதுக்கப் பயன்படுத்தும் வாய்ச்சியைப் போன்ற கருவியால் சிலையின் வாயைத் தொட்டுத் திறக்கும் சடங்கு அங்கே இருந்தது. அதே சடங்கை இறந்தவரின் பதப்படுத்திய உடலுக்கும் செய்தார்கள். சிலைக்கும் பிணத்துக்கும் ஒரே சடங்கு என்பது முதலில் திடுக்கிட வைக்கும். ஆனால் உயிர் வந்து தங்குவதற்கு ஓர் உடல் வேண்டும், அந்த உடலுக்கு மூச்சும் உணவும் உள்ளே போக வழி வேண்டும் என்ற எகிப்தியரின் எண்ணத்தில் இரண்டும் ஒன்றுதான்.

இந்தியாவிலும் பௌத்த நாடுகளிலும் அந்த இடம் கண். தமிழகத்து ஸ்தபதிகள் படிமத்தின் மற்ற எல்லா உறுப்புகளையும் முடித்துவிட்டு, கண்ணின் கருவிழிக் கோட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருப்பார்கள். நல்ல நேரம் பார்த்து, திரை கட்டி, பொன்னூசியால் அதைக் கீறித் திறப்பார்கள். திறந்த கண் முதலில் காண்பதற்காகக் கண்ணாடி, கன்றோடு பசு, தானியக் குவியல், சிறு பெண்குழந்தைகள் என மங்கலமானவற்றை எதிரே கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். இலங்கையின் பௌத்த மரபில் இதே சடங்குக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. புத்தர் சிலைக்குக் கண் எழுதும் கலைஞர் சிலையை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, கையில் பிடித்த கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்துக்கொண்டே தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டிக் கண்ணை எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அவருடைய கண்களைக் கட்டி வெளியே அழைத்துப் போவார்கள். கட்டு அவிழ்ந்ததும் அவர் முதல் பார்வையை ஏதாவது ஒரு பொருளின்மீது செலுத்தி, அதை வாளால் வெட்டிவிட வேண்டும். புதிதாகத் திறந்த கண்ணின் முதல் பார்வைக்கு அவ்வளவு வேகம் இருக்கிறது என்று நம்பினார்கள். பார்ப்பது நாம் என்று நினைத்துக் கோயிலுக்குள் போகும் நமக்கு, அங்கே பார்க்கப்படுவது நாம்தான் என்பதை இந்தச் சடங்குகள் நினைவூட்டுகின்றன. முகமே இல்லாத இலிங்கத்துக்கும் இது பொருந்தும். கண்ணப்பர் கதையில் குருதி வடிவது அந்த முகமற்ற கல்லின் கண்ணிலிருந்துதான். வேடருக்கு அந்தக் கண் எங்கே இருக்கிறது என்பதில் ஐயமே எழவில்லை.

ஜப்பானின் நாரா நகரில், தோதாய்ஜி கோயிலில், ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தருக்கு 752இல் கண் திறந்தார்கள். தூரிகையைப் பிடித்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அந்தத் தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, அரண்மனையாரும் துறவிகளும் கூடியிருந்தவர்களும் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதியது ஒரு கையானாலும் கண் திறந்த புண்ணியம் கயிற்றைத் தொட்ட எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. 1180இல் போரில் அந்தக் கோயில் எரிந்து சிலையும் சிதைந்தது. சீர்செய்த பிறகு 1185இல் மறுபடியும் கண் திறந்தபோது, நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் பாதுகாத்து வைத்திருந்த அதே பழைய தூரிகையையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். சிலை புதுப்பிக்கப்பட்டது, கண் பழைய கண்ணாகவே இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள் போலும்.

கியோட்டோ நகரத்துச் செய்ர்யோஜி கோயிலில் இருக்கும் புத்தர் சிலை 985இல் சீனத்தில் செய்யப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் குழியை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் திறந்து பார்த்தபோது, பட்டுத்துணியால் தைத்த உள்ளுறுப்புகள் இருந்தன. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே, குடலும் ஈரலும் உட்பட ஒவ்வொன்றையும் தைத்து உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள்.

அழகுக்கும் வழிபாட்டுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல நேரானது இல்லை. இதற்கு ஏதென்ஸ் நகரத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பார்த்தினான் கோயிலில் சிற்பி ஃபிடியாஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யானைத் தந்தத்தாலும் பொன்னாலும் செய்த அதீனா தேவியின் சிலை நின்றது. கிரேக்கக் கலையின் உச்சம் என்று எல்லாரும் போற்றிய படைப்பு அது. ஆனால் அந்தச் சிலையின்மேல் இருந்த 40 தாலந்துப் பொன்னை, அதாவது ஆயிரம் கிலோவுக்கும் கூடுதலான பொன்னை, கழற்றி எடுக்க முடியும் என்றும், போர்ச்செலவுக்கு வேண்டுமானால் எடுத்துவிட்டுப் பிறகு திருப்பி வைக்கலாம் என்றும் நகரத்தின் தலைவராக விளங்கிய பெரிக்கிளீஸ் மக்களிடம் கணக்குச் சொன்னார். யாரும் அதை இழிவாக எண்ணவில்லை. ஏனென்றால் நகரத்தின் உண்மையான வழிபாடு அக்ரோபோலிஸ் குன்றின் இன்னொரு பக்கத்தில் இருந்த ஒலிவ மரச் சிலைக்குத்தான் நடந்தது. வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பப்பட்ட பழைய மரம் அது. நகரத்துப் பெண்கள் நெய்த ஆடை போய்ச் சேர்ந்தது அந்த மரத்துக்கு. ஆண்டுக்கு ஒருமுறை அணிகளைக் களைந்து, திரையிட்டு நீராட்டியதும் அந்த மரத்தைத்தான். தேவி அவ்வாறு மறைந்திருக்கும் நாளில் நல்ல காரியம் எதையும் தொடங்க ஏதென்ஸ் மக்கள் அஞ்சினார்கள். பொற்சிலையைப் பார்த்து வியந்தார்கள். மரத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டார்கள்.

பூரி ஜெகந்நாதரின் வட்டக் கண்ணும் முற்றுப்பெறாத கைகளும், பழந்தமிழ்ப் பாடல்களில் ஊர்ப் பொதுவிடத்தில் வழிபடப்பட்டதாக வரும் கந்து என்னும் தறியும், ஊர் எல்லையில் எண்ணெய் பூசிய கல்லும் இதே பக்கத்தில் நிற்பவை. செய்நேர்த்தி குறைந்த காலத்தில் இப்படிச் செய்தார்கள், பிறகு கலை வளர்ந்து அழகான சிலைகள் வந்தன என்று சொல்லும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மிகச் சிறந்த சிற்பிகள் அருகிலேயே இருந்த காலத்திலும் மக்கள் அந்த மரத்தையும் கல்லையும் விடவில்லை. நேர்த்தியான சிலையில் செய்தவரின் கை தெரிகிறது. தானாக வந்தது என்று நம்பத்தக்க பொருளில் அது தெரிவதில்லை. பாபிலோனியர்கள் சிற்பியின் கையை வெட்டிக் காட்டிப் பெற முயன்றதை, ஏதென்ஸ் மக்கள் வானத்திலிருந்து விழுந்த மரத்தில் பெற்றார்கள்.

உருவங்களின் தோற்றத்துக்கு வருவோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செனோஃபனீஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளர், எத்தியோப்பியர்களின் கடவுளர் கறுத்தும் சப்பை மூக்கோடும் இருக்கிறார்கள், திரேசியர்களின் கடவுளர் நீலக்கண்ணும் செம்மயிருமாக இருக்கிறார்கள், மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் அவையும் தம்மைப் போலவே கடவுளை வரையும் என்றார். இந்தக் கூற்றை இன்றும் பலர் மேற்கோளாகச் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. கடவுளின் முகச்சாயல் பெரும்பாலும் வரைந்தவரின் ஊர்ச்சாயல்தான். மறுபாதியை உலகத்தின் கோயில்களே மறுக்கின்றன. மனிதர்கள் கடவுளைத் தம்மைப்போல வரைந்ததைவிட, தம்மிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே அதிகம் பாடுபட்டிருக்கிறார்கள். எகிப்தியர்கள் மனித உடலின்மேல் நரித்தலையும் பருந்துத்தலையும் அரிவாள் மூக்கன் பறவையின் தலையும் வைத்தது, கடவுள் நரி என்று நம்பியதால் இல்லை. அவர்களுடைய எழுத்தே படங்களால் ஆனது. மனித உடலின்மேல் வரும் அந்தத் தலையும் ஏறக்குறைய ஓர் எழுத்துத்தான். இடுகாட்டைச் சுற்றித் திரியும் விலங்கின் தலையைக் கண்டவுடன், இறந்தோரைக் காக்கும் அனுபிஸ் என்று படித்துக்கொள்ளலாம்.

பல கைகளுக்கும் இப்படிப் படிக்கும் முறை உண்டு. கியோட்டோவின் சஞ்சூசங்கென்தோ மண்டபத்தில் ஆயிரங்கை கன்னோன் என்ற போதிசத்துவரின் சிலைகள் 1,001 வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இருப்பவை 42 கைகள்தாம். கும்பிட்டிருக்கும் இரண்டை விட்டுவிட்டால் மீதி 40. ஒவ்வொரு கையும் 25 உலகங்களில் உள்ள உயிர்களைக் காக்கிறது என்பது கணக்கு, ஆக ஆயிரம். நடராசரின் நான்கு கைகளில் துடி படைப்பையும், தீ அழிப்பையும், உயர்ந்த உள்ளங்கை அஞ்சேல் என்பதையும் காட்ட, நான்காவது கை தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது. மனிதன் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதைக் கடவுள் ஒரே கணத்தில் செய்கிறார் என்பதைச் சிலையில் வேறு எப்படித்தான் காட்டுவது? பசிபிக் பெருங்கடலில் உள்ள ருருட்டுத் தீவின் மக்கள் அ'அ என்ற கடவுளுக்குச் செய்த மர உருவம் இன்னொரு வழியைக் கண்டது. அந்த உடலின் மேற்பரப்பு முழுவதும் சிறுசிறு மனித உருவங்கள் முளைத்திருக்கின்றன. கண், மூக்கு, வாய் இருக்க வேண்டிய இடங்களிலும் அவையே இருக்கின்றன. ஒரு குலத்தின் மக்கள் எல்லாரும் அந்தக் கடவுளின் உடலிலிருந்து பிறந்தவர்கள் என்பதை இதைவிட நேரடியாகச் சொல்ல முடியாது.

கண்ணும் வாயும் திறந்துவிட்டால் கடவுளுக்கு அன்றாட வாழ்க்கை தொடங்கிவிடுகிறது. எகிப்தின் அபிடோஸ் நகரில் முதலாம் சேத்தி மன்னர் கட்டிய கோயிலின் சுவர்களில் அந்த அன்றாடம் படிப்படியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. விடியலில் கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைப்பார்கள், தாழை நீக்குவார்கள், தரையில் விழுந்து வணங்குவார்கள், நேற்றைய ஆடையைக் களைந்து புதிய துணி உடுத்துவார்கள், நறுநெய் பூசுவார்கள், புகை காட்டுவார்கள். எல்லாம் முடிந்து வெளியேறும்போது பூசாரி தம் காலடித் தடங்களைத் தாமே துடைத்துவிட்டுக் கதவை மூடுவார். சாதாரண மக்கள் இதில் எதையும் பார்த்ததில்லை. திருவிழா நாளில் மட்டும் படகு வடிவப் பல்லக்கில், அதுவும் திரைக்குப் பின்னால், கடவுள் வெளியே வருவார். உள்ளே போக முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு மெம்ஃபிஸ் நகரத்துக் கற்பலகைகள் பதில் சொல்கின்றன. தாஹ் என்ற கடவுளுக்குக் காணிக்கையாக வைத்த அந்தச் சிறு பலகைகளில் காதுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் ஒரு சோடிக் காது, சிலவற்றில் வரிசை வரிசையாகப் பல காதுகள். பார்க்க முடியாத கடவுளுக்குக் கேட்கவாவது வேண்டுமே என்ற ஏக்கத்தை மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காதுகளில் உணர முடிகிறது. கடவுள் உருவங்கள் எல்லாவற்றிலும் என்னை மிகவும் தொட்டவை இவைதாம்.

தமிழகத்தில் மூலவர், உற்சவர் என்ற பிரிவு இதே சிக்கலுக்குக் கண்ட தீர்வு. கருவறைக் கல் அசையாது. அதனிடம் வர முடியாதவர்களைத் தேடி ஐம்பொன் திருமேனி வீதிக்குப் போகும். சோழர் காலத்து ஸ்தபதிகள் தேன்மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்த்தார்கள். ஓர் அச்சில் ஒரு சிலைதான். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அருங்காட்சியகத்தில் அந்தச் சிலைகளைப் பார்ப்பவர்கள் இடையின் வளைவையும் தோளின் சரிவையும் வியக்கிறார்கள். பீடத்தில் தூக்கிச் செல்லும் கொம்பு செருகுவதற்காக இருக்கும் துளைகளையும் வளையங்களையும் அவர்கள் கவனிப்பதில்லை. கோயிலில் அந்தத் திருமேனி பட்டும் மாலையும் அணிந்து, முகமும் காக்கும் கையும் மட்டும் தெரிய வரும். ஸ்தபதி அத்தனை நுட்பமாக வடித்த இடையைப் பக்தர்களில் பெரும்பாலோர் ஒருபோதும் பார்த்திருக்க மாட்டார்கள். நூற்றாண்டுக் கணக்காக நீராட்டியும் துடைத்தும் சில திருமேனிகளில் மூக்கும் கண்ணும் மழுங்கிப் போயிருக்கின்றன. ரோமில் புனித பேதுருவின் வெண்கலச் சிலையின் பாதம் யாத்திரிகர்களின் முத்தத்தாலும் தொடுதலாலும் விரல் தெரியாமல் தேய்ந்திருப்பதும் இத்தகையதே. அவர் கடவுள் இல்லை, சீடர்தான், ஆயினும் கைகளுக்கு வேண்டியிருந்தது தொடுவதற்கு ஓர் இடம்.

காட்டுவதற்காகச் செய்ததை மறைத்து வைப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதி. ஜப்பானின் நகானோ நகரத்து ஜென்கோஜி கோயிலின் மூலப் புத்தரைத் தலைமைக் குருவும் பார்ப்பதில்லை. அதன் படியாகச் செய்த வேறொரு சிலையைத்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களுக்குக் காட்டுகிறார்கள். இசே ஆலயத்தின் உட்கோயிலில் சூரியதேவியின் திருப்பொருளாக இருப்பது ஒரு கண்ணாடி. அதையும் மக்கள் காண்பதில்லை. மெக்சிகோ நகரத்தின் பெருஞ்சதுக்கத்தில் 1790இல் தோண்டியெடுத்த, அஸ்டெக் மக்களின் கோவாத்லிகுவே தேவியின் சிலை இரண்டரை மீட்டருக்குக் குறையாத உயரம் உடையது. வெட்டுண்ட கழுத்திலிருந்து எழும் இரண்டு பாம்புகளே முகமாகவும், பின்னிய பாம்புகளே பாவாடையாகவும் உள்ள பெருங்கல் அது. அதன் அடிப்பாகத்தில், தரையோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில், மண்ணின் தெய்வத்துடைய உருவம் முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிலையை நிறுத்திவிட்டால் அதை எந்த மனிதக் கண்ணும் காண முடியாது. அது மண்ணுக்காகச் செதுக்கியது. சிலையை வெளியே எடுத்துப் பல்கலைக்கழகத்தில் வைத்ததும் பூர்வகுடி மக்கள் அதை வணங்க வரத் தொடங்கினார்கள் என்பதால், அதிகாரிகள் அதை மறுபடியும் புதைத்துவிட்டார்கள். 270 ஆண்டு கத்தோலிக்க ஆட்சிக்குப் பிறகும் அந்த மக்களுக்கு அவள் யாரென்று மறந்திருக்கவில்லை.

உருவமே இல்லாமல் கடவுளைக் காட்டும் கலைக்குச் சாஞ்சியின் கிழக்குத் தோரண வாயில் ஒரு பாடம். சித்தார்த்தர் அரண்மனையை விட்டு நள்ளிரவில் வெளியேறும் காட்சி அங்கே ஒரு நீண்ட குறுக்குக் கல்லில் இருக்கிறது. நகர வாயிலிலிருந்து ஒரு குதிரை புறப்படுகிறது. அதன் குளம்போசை யாருக்கும் கேட்காதபடி தேவர்கள் குளம்புகளைத் தாங்குகிறார்கள். குதிரையின் மேலே ஒருவர் குடை பிடித்து வருகிறார். குடையின் கீழே, சேணத்தின் மேலே, யாரும் இல்லை. அதே குதிரை, அதே குடை, அதே வெறுமை, கல்லின் நீளத்துக்கு மீண்டும் மீண்டும் வருகின்றன. வலக்கோடியில் குடை குதிரையை விட்டுவிட்டு, நிலத்தில் பதிந்த இரண்டு பெரிய பாதங்களின்மேல் நிற்கிறது. கீழே குதிரை தலையைத் தாழ்த்தித் திரும்பி வருகிறது. இப்போது அதற்குக் குடை இல்லை. இறங்கிப் போனவரை ஒரு கோட்டாலும் காட்டாமல், அவர் இருந்ததையும் இறங்கியதையும் பிரிந்ததையும் அந்தச் சிற்பி சொல்லிவிட்டார். தொடக்ககாலப் பௌத்தக் கலை ஏன் இப்படி நடந்துகொண்டது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நிர்வாணம் அடைந்தவரை உருவத்தில் அடைக்கக் கூடாது என்ற தயக்கம் என்பார் ஒரு சாரார். அந்தக் காட்சிகளில் பல, புத்தர் நடமாடிய தலங்களைப் பிற்கால மக்கள் வழிபடுவதைக் காட்டுபவை என்பார் மறுசாரார். கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் மதுராவிலும் காந்தாரத்திலும் புத்தரின் உருவம் வந்துவிட்டது. ஆனாலும் சாஞ்சியின் வெற்றுச் சேணத்துக்கு ஈடான புத்தர் உருவங்கள் மிகச் சிலவே என்று சொல்லத் துணிகிறேன்.

யூதர்களின் எருசலேம் ஆலயத்தில் வெறுமை கட்டளையாகவே இருந்தது. கி.மு. 63இல் நகரைக் கைப்பற்றிய ரோமத் தளபதி பொம்பே, தலைமைக் குரு ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் நுழையும் உள்ளறைக்குள் போய்ப் பார்த்தார். அங்கே எந்தச் சிலையும் இல்லை. உருவத் தடையை யூதர்கள் எக்காலத்திலும் ஒரே அளவில் கடைப்பிடித்தார்கள் என்றும் கொள்ள முடியாது. சிரியாவின் துரா யூரோப்போஸ் நகரில் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் கட்டிய தொழுகைக்கூடம் 1932இல் மண்ணிலிருந்து வெளிவந்தபோது, அதன் சுவர்கள் முழுவதும் வேதக் கதைகள் வண்ணத்தில் இருந்தன. அங்கேயும் கடவுளின் முகம் இல்லை. வானத்திலிருந்து நீளும் ஒரு கை மட்டும் உண்டு. இஸ்லாம் அந்தக் கையையும் ஏற்கவில்லை. 630இல் மக்காவின் கஅபாவிலிருந்து சிலைகள் அகற்றப்பட்ட பிறகு, பள்ளிவாசலில் இறைவனை நினைவூட்டும் இடம் எழுத்துக்கு வந்தது. உலகின் மிக நேர்த்தியான எழுத்துக்கலை அந்தத் தடையின் பயனாக வளர்ந்தது. உருவ வழிபாட்டின் கோட்டையான சிதம்பரத்திலேயே, பொன்னம்பலத்தில் நடராசருக்குப் பக்கத்தில் திரையை விலக்கிக் காட்டப்படுவது வெளிதான். பொன் வில்வ மாலை தொங்குகிறது, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. உருவமும் அருவமும் எதிரெதிர் மதங்கள் என்று பிரிப்பவர்கள், ஒரே மேடையில் இரண்டும் அருகருகே நிற்பதை அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

உருவம் வேண்டுமா வேண்டாமா என்பதற்காக ஒரு பேரரசே ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடியது கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தில்தான். 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூன்றாம் லியோ பேரரசர் புனிதப் படங்களுக்குத் தடை விதித்தார். 787இல் கூடிய இரண்டாம் நிக்கேயா திருச்சங்கம் அவற்றை மீட்டது. மறுபடியும் தடை வந்து, இறுதியாக 843இல்தான் படங்கள் திரும்பின. திருச்சங்கம் எடுத்த முடிவின் சாரம் எளிமையானது: படத்துக்குக் காட்டும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறு, படத்துக்குச் செய்யும் மரியாதை அதில் உள்ளவருக்குப் போய்ச் சேர்கிறது. கடவுள் இயேசுவில் உடலெடுத்து வந்தவர் என்றால் அந்த உடலை வரையலாம் என்பது தமாஸ்கு நகர யோவான் என்ற இறையியலாளரின் வாதம். கிரேக்கத்தில் எழுதுவதற்கும் வரைவதற்கும் ஒரே வினைச்சொல் என்பதால், புனிதப் படத்தை வரைந்தார் என்று சொல்லாமல் எழுதினார் என்றே சொல்லும் வழக்கம் அந்தத் திருச்சபையில் இன்றும் உண்டு. தமிழருக்கு இதில் வியப்பில்லை; நாமும் ஓவியத்தை எழுதத்தான் செய்தோம். தடைக்காலத்தில் அழிந்த படங்களுக்குக் கணக்கில்லை. பேரரசின் கை எட்டாத சீனாய் மலையின் புனித கத்தரீன் மடத்தில் 6ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்து முகம் ஒன்று பிழைத்தது. அதன் ஒரு பாதி சாந்தமாகவும் மறுபாதி கடுமையாகவும் இருக்கிறது.

கடவுள் உருவத்தில் வந்து தங்குவார் என்றால், விட்டுப் போகவும் செய்வார். அகநானூற்றின் 167ஆம் பாடல் ஆறலைகள்வரால் பாழ்பட்ட ஓர் ஊரைக் காட்டுகிறது. புறாக்கள் நீங்கிய, மரம் சோர்ந்த மாடத்தில் 'எழுதணி கடவுள்' போய்விட்டார், பலிபீடம் மெழுகப்படாமல் கிடக்கிறது. கடவுள் வெளியேறியதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லும் வரி உலக இலக்கியத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. பாபிலோனில் அது அரசியல் பேரிடராகவே நிகழ்ந்தது. கி.மு. 689இல் அசீரிய மன்னர் சனகெரிப் அந்த நகரை அழித்த பிறகு, மார்துக் கடவுள் 20 ஆண்டுகள் ஊரில் இல்லை என்றும், அதுவரை புத்தாண்டு விழா நடக்கவில்லை என்றும் அவர்களுடைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. சிலை இல்லாமல் கடவுள் இல்லை. கடவுள் இல்லாமல் ஆண்டு தொடங்காது.

வந்த கடவுளை முறையாக அனுப்பி வைப்பதும் அதனால் ஒரு கலையாயிற்று. வங்காளத்தில் துர்க்கைக்கு மகாளய நாளில் கண் எழுதி, பூசை முடிந்த பத்தாம் நாள் ஆற்றில் விடுகிறார்கள். அமெரிக்காவின் நவஹோ மக்கள் நோய் தீர்க்கும் சடங்கில் வண்ண மணலால் தம் தெய்வங்களைத் தரையில் எழுதி, நோயாளியை அதன்மேல் அமர வைத்து, சடங்கு முடிந்ததும் கலைத்துவிடுகிறார்கள். குடமுழுக்குத் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் அமைத்து, மூலவரின் ஆற்றலைக் கும்பத்திலோ மரப்பலகையிலோ எழுந்தருளச் செய்வது நாம் அறிந்தது. அதுவரை தொட அஞ்சிய கருவறைக்குள் கொத்தனார் ஏணியோடு போகிறார். பூரியில் இது இன்னும் கூர்மையாக நடக்கிறது. 8 முதல் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடைசியாக 2015இல், குறிகள் பொருந்திய வேப்பமரங்களைத் தேடி வெட்டிப் புதிய உருவங்களைச் செய்கிறார்கள். பழைய உருவத்துக்குள் இருக்கும் பிரம்மப் பொருளை எடுத்துப் புதியதற்குள் வைப்பவர் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கையிலும் துணி சுற்றிக்கொண்டுதான் வைக்க வேண்டும். நகரத்தின் விளக்குகளை அன்றிரவு அணைத்துவிடுகிறார்கள். பழைய உருவங்களைக் கோயில் வளாகத்திலேயே புதைத்து, இறந்தவருக்குப் போலத் துக்கம் காக்கிறார்கள்.

அச்சு இயந்திரம் வந்தபோது இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு புதிய கடவுள் உருவம் பிறந்தது. ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி இலக்குமியையும் சரசுவதியையும் வண்ணப் படங்களாக அடித்து விற்றார். கண் திறப்பும் இல்லை, கும்பமும் இல்லை. கடையில் வாங்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிப் பொட்டு வைத்தால் அது கடவுள். அந்தப் படங்களின் அழகைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். கோயில் வாசலைத் தாண்ட அனுமதிக்கப்படாத மக்களின் வீட்டுக்குள் அந்தக் காகிதம் தடையில்லாமல் நுழைந்தது என்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் குறைகள் எனக்குச் சிறியவையாகவே படுகின்றன.

இவ்வளவும் தெரிந்த பிறகு அருங்காட்சியகத்துக்குள் நிற்கும் கடவுளைப் பார்ப்பது எளிதாக இருப்பதில்லை. தஞ்சைப் பகுதியின் பத்தூரில் 1976இல் மண்ணுக்கு அடியில் கிடைத்த நடராசர் கள்ளத்தனமாக லண்டனுக்குப் போனார். அவரை மீட்க நடந்த வழக்கில், இடிந்து கிடந்த ஒரு கோயில் தன் சொத்தைக் கேட்டு இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காட உரிமையுள்ள தரப்பு என்று ஏற்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் 1991இல் வென்று அவர் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கி, திருட்டுப்பொருள் எனத் தெரிந்தபின் 2014இல் திருப்பியளித்தது. மீண்டு வந்த திருமேனிகளில் பல, பாதுகாப்பைக் கருதி இன்றும் பூட்டிய காப்பகங்களில்தான் நிற்கின்றன.

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் சூனி மக்களின் கோரிக்கை அருங்காட்சியகங்களை இன்னும் அதிகம் திகைக்க வைத்தது. அவர்கள் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தின்போது அஹயூதா என்னும் இரட்டைப் போர்த்தெய்வங்களை மரத்தில் செதுக்கி, குன்றின்மேல் உள்ள திறந்தவெளித் திருவிடங்களில் நிறுத்துவார்கள். புதியவை வந்ததும் பழையவற்றைப் பக்கத்தில் சாய்த்து வைப்பார்கள். அவை வெயிலிலும் பனியிலும் வெடித்து, உளுத்து, மண்ணாக வேண்டும். அப்படி மண்ணாகும்போதுதான் அவற்றின் காக்கும் ஆற்றல் உலகத்துக்குப் போய்ச் சேரும். கலைப்பொருள் சேகரிப்பாளர்கள் அவற்றை எடுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, பூச்சி அரிக்காமல் காத்தார்கள். சூனி மக்கள் 1978 முதல் ஒவ்வோர் அருங்காட்சியகமாகப் போய், அவற்றைத் திருப்பிக் கேட்டார்கள். திருப்பிக் கொடுத்தால் கெட்டுப்போகுமே என்று காப்பாளர்கள் கவலைப்பட்டபோது, அதற்காகத்தான் கேட்கிறோம் என்பதே அவர்களுடைய பதிலாக இருந்தது. திரும்பி வந்த உருவங்கள் இப்போது காவலுள்ள, ஆனால் வெயிலும் மழையும் படும் இடங்களில், மெல்ல மண்ணாகிக்கொண்டிருக்கின்றன.